மீராபாய் சானுவும் அந்த ஒரு கிலோவும்

கேள்வி இதுதான்: "பாரீஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு ஒரு கிலோவில் பதக்கத்தை விட்டார். ரியோவில் எதையுமே தூக்கவில்லை. நடுவில் டோக்கியோவில் ஒரு வெள்ளி. இவர் நிஜமாகவே பெரிய சாம்பியனா, இல்லை முக்கியமான நேரத்தில் சொதப்புகிறவரா?"

முதலில் ஒரு திருத்தம். ரியோவில் அவர் எதையுமே தூக்கவில்லை என்பது சரியில்லை. பளு தூக்குதலின் இரண்டு பகுதிகளில் முதலாவதான ஸ்நாட்சில் 82 கிலோ தூக்கினார். இரண்டாவதான கிளீன் அண்ட் ஜெர்க்கில்தான் மூன்று முயற்சியும் போயிற்று. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் அவருடைய மொத்தப் பயணமும் புரிந்துவிடும் என்பது என் கணக்கு. கல்லூரி நாட்களில் நாலைந்து வருடம் இரும்பைத் தூக்கி, மாவட்ட அளவைத் தாண்டாமல் ஓய்ந்தவன் நான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் தூக்குவது இரண்டு விதம். ஸ்நாட்ச் என்றால் அகலமாகப் பிடித்து, தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரே வீச்சில் கொண்டுபோய், அப்படியே உட்கார்ந்து எழுந்து நிற்பது. கிளீன் அண்ட் ஜெர்க் என்றால் முதலில் தோளுக்கு ஏற்றி, எழுந்து, மூச்சு வாங்கி, பிறகு மேலே தள்ளுவது. ஒவ்வொன்றுக்கும் மூன்று முயற்சி. இரண்டிலும் சிறந்ததைக் கூட்டினால் மொத்தம். ஏதாவது ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தமே கிடையாது, பெயருக்கு நேராக எண் வராது. பாரில், அதாவது எடை மாட்டும் இரும்புக் கம்பியில், ஏற்றிய எடையைக் குறைக்கவும் முடியாது, ஏறுமுகம் மட்டும்தான்.

இரண்டுக்கும் வேண்டிய உடம்பு வேறு. கிளீன் அண்ட் ஜெர்க் பெரும்பாலும் தொடை, இடுப்பு, நெஞ்சழுத்தம். ஸ்நாட்ச் அப்படி இல்லை. தோள் நன்றாகத் திறக்க வேண்டும், பார் ஒரு விரல்கடை பின்னால் போனாலும் முதுகுப் பக்கம் விழுந்துவிடும். நான் தூக்கிய காலத்தில் என் பார் முன்னால் விழுந்ததைவிடப் பின்னால் விழுந்ததுதான் அதிகம். பொதுவாக நல்ல வீரர்களின் ஸ்நாட்ச், அவர்களுடைய கிளீன் அண்ட் ஜெர்க்கில் நூற்றுக்கு எண்பது சொச்சம் இருக்கும். மீராபாய்க்கு அது எழுபதுகளில்தான் நிற்கிறது. உச்சத்தில் இருந்தபோது, 2021இல், 86க்கு 119. கணக்குப் போட்டால் 72. இவ்வளவு பெரிய இடைவெளியோடு உலக மேடைக்குப் போய்வந்தவர்கள் குறைவு.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம். மணிப்பூரில் இம்பால் கிழக்கு மாவட்டத்தில் நோங்போக் காக்சிங் என்ற ஊர். 1994 ஆகஸ்ட் 8இல் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. பன்னிரண்டு வயதில், அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கதை. அவர் முதலில் போக நினைத்தது வில்வித்தைக்கு. இம்பால் குமன் லம்பாக் மைதானத்துக்குப் போன அன்று அங்கே வில்வித்தைக்காரர்கள் யாரும் இல்லை. பிறகு பாடப்புத்தகத்தில் குஞ்சராணி தேவியைப் பற்றிப் படித்தார், பளு தூக்குதலுக்கு வந்தார். குஞ்சராணியும் மணிப்பூர்க்காரர்தான். உலகப் போட்டிகளில் பலமுறை வெள்ளி வென்றும் தங்கம் கிடைக்காதவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 190 கிலோ தூக்கி நான்காம் இடம். இந்த நான்காம் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

ஊரிலிருந்து பயிற்சிக்கு இம்பால் போக வேண்டும், பஸ்ஸுக்குக் காசு எப்போதும் இருக்காது. அந்த வழியே மணல் ஏற்றிப் போகும் லாரிகளில் ஏறிக்கொள்வார், ஓட்டுநர்கள் காசு வாங்க மாட்டார்கள். டோக்கியோ பதக்கத்துக்குப் பிறகு அந்த ஓட்டுநர்களைத் தேடிப்பிடித்து, நூற்றைம்பது பேருக்கு வீட்டில் சாப்பாடு போட்டு, சட்டையும் மணிப்பூர்த் துண்டும் கொடுத்து அனுப்பினார்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 170 கிலோ, வெள்ளி. தங்கம் வென்றவரும் மணிப்பூர்ப் பெண்தான், சஞ்சிதா சானு, 173. பத்தொன்பது வயதில் அது நல்ல தொடக்கம்.

இனி ரியோ. இந்தியாவிலிருந்து பளு தூக்குதலுக்குப் போனவர்கள் இரண்டே பேர், மீராபாயும் நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கமும். போவதற்கு முன் நடந்த தேர்வில் மீராபாய் 85ம் 107ம் தூக்கி மொத்தம் 192 செய்திருந்தார். குஞ்சராணியின் பன்னிரண்டு வருடத் தேசியச் சாதனையான 190ஐ உடைத்த எடை அது. ரியோவில் 48 கிலோ பிரிவில், அதாவது உடல் எடை 48 கிலோவைத் தாண்டாதவர்களுக்கான பிரிவில், வெள்ளி எத்தனைக்குப் போனது தெரியுமா? அதே 192க்கு. ஆக, எதிர்பார்ப்பு காற்றில் கட்டியது இல்லை.

அன்று ஸ்நாட்சில் 82தான் ஏறியது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதல் முயற்சியாக 104 கேட்டார்கள், தவறியது. அடுத்தது 106, தவறியது. மறுபடி 106, அதுவும் தவறியது. 82ஐயும் 106ஐயும் கூட்டினால் 188. வெண்கலம் வென்ற ஜப்பானின் ஹிரோமி மியாகே தூக்கிய மொத்தமும் 188தான்.

இதைப் பயம், பதற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஓரளவு உண்மையும்கூட. இருபத்தொரு வயது, முதல் ஒலிம்பிக். ஆனால் தொடக்க எடையைப் பாருங்கள். வாழ்நாளில் சிறந்தது 107 ஆக இருக்கும்போது 104இல் தொடங்குவது ரொம்ப நெருக்கம். கால் ஒரு அங்குலம் தப்பாக விழுந்தாலும் சமாளிக்க இடமில்லை. தொடக்க முயற்சி என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தூக்கக்கூடிய எடையாக இருக்க வேண்டும் என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். அவ்வளவு உயரத்தில் ஏன் தொடங்கினார்கள்? ஸ்நாட்சில் பின்தங்கியவர், இரண்டாவது பாதியில் விரட்டிப் பிடித்தாக வேண்டும். பலவீனம் ஸ்நாட்சில் இருந்தது, விழுந்தது கிளீன் அண்ட் ஜெர்க்கில். அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

அதற்குப் பிறகு விட்டுவிடலாமா என்றுகூட யோசித்ததாகப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். விடவில்லை. 2017 இறுதியில் அமெரிக்காவின் அனாஹைமில் உலகச் சாம்பியன்ஷிப், 85ம் 109ம், மொத்தம் 194, தங்கம். அக்கா கல்யாணத்துக்குப் போகாமல் வாங்கிய தங்கம். 1995இல் கர்ணம் மல்லேஸ்வரி வென்ற பிறகு இந்தியாவுக்கு இருபத்திரண்டு வருடம் கழித்து வந்த உலகப் பட்டம். இரண்டாம் இடம் தாய்லாந்து, 193. ஒரு கிலோ வித்தியாசம். இந்த ஒரு கிலோ அவர் பக்கம் நின்றதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஊக்கமருந்து விவகாரத்தில் சீனா, ரஷ்யா, கஜகஸ்தான் உட்பட ஒன்பது நாடுகள் தடையில் இருந்தன, வரவில்லை. சீனா வந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். அதற்காக அந்தத் தங்கத்தைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. மருந்து போட்டு மாட்டிக்கொண்ட நாடு வராமல் போனதற்கு, மருந்து போடாமல் வந்தவர் ஏன் கூச்சப்பட வேண்டும்?

காமன்வெல்த் தங்கங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 2018 கோல்ட் கோஸ்டில் 196, 2022 பர்மிங்காமில் 201. முதலாவதில் இரண்டாம் இடம் பிடித்த மொரீஷியஸ் வீராங்கனை தூக்கியது 170. வெண்கலம் இலங்கையின் தினுஷா கோமஸுக்கு, 155. இலங்கைக்கு அது கொண்டாட வேண்டிய பதக்கம், சந்தேகமில்லை. ஆனால் மீராபாயை அளக்க இருபத்தாறு கிலோ முன்னிலை உதவாது. அங்கே அவர் போட்டியிட்டது தன் பழைய எண்களோடுதான்.

2018இல் முதுகுவலி, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு போயிற்று. அதே வருடம் பத்மஸ்ரீயும் கேல் ரத்னாவும் வந்தன. எடைப் பிரிவு 48இலிருந்து 49 ஆனது. 2019 பட்டாயா உலகப் போட்டியில் முதல்முறையாக 200ஐத் தாண்டி 201 தூக்கினார், இடம் நான்கு.

இப்போது தாஷ்கண்ட், 2021 ஏப்ரல், ஆசியச் சாம்பியன்ஷிப். ஒரே நாளில் மீராபாயின் பலமும் பலவீனமும் சேர்ந்து தெரிய வேண்டும் என்றால் அந்தப் போட்டியைத்தான் பார்க்கச் சொல்வேன். ஸ்நாட்சில் 85, தவறியது. மறுபடி 85, தவறியது. இன்னொன்று தவறினால் ரியோ மாதிரியே வெறுங்கை. மூன்றாவதாக 86 கேட்டார்கள், ஏறியது. பிறகு கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119. அன்றைக்கு அது உலகச் சாதனை, அதுவரை சீனாவின் ஜியாங் ஹுயிஹுவாவிடம் 118 இருந்தது. 49 கிலோ உடம்பு, அதைப் போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு இரும்பு. இவ்வளவு செய்தும் மொத்தத்தில் கிடைத்தது வெண்கலம், 205. தங்கம் வென்ற ஹௌ ஷிஹுய் ஸ்நாட்சிலேயே 96 தூக்கிவிட்டார். அங்கே பத்து கிலோ போனால் எந்தச் சாதனை வந்து மீட்கும்?

பயிற்சியாளர் விஜய் சர்மாவுக்கு இது தெரியாததில்லை. தோள் இரண்டும் ஒரே மாதிரி இயங்கவில்லை என்ற பிரச்சினைக்காக அமெரிக்காவில் ஆரன் ஹார்ஷிக் என்ற உடலியக்க நிபுணரிடம் போனார்கள். ஒரு பக்கத் தோள் இறுக்கமாக இருந்தால் தலைக்கு மேல் பார் ஒருபக்கம் சாயும். கிளீன் அண்ட் ஜெர்க்கில் கை குறுகலாகப் பிடிப்பதால் அதை ஓரளவு மறைக்கலாம், ஸ்நாட்சின் அகலப் பிடியில் மறைக்க முடியாது. கொரோனா காலப் பயணக் கட்டுப்பாடுகளால் அங்கிருந்தே நேராக டோக்கியோ போனார்.

2021 ஜூலை 24. காதில் ஒலிம்பிக் வளையம் போல ஒரு கம்மல். ரியோவுக்கு முன்னால் அம்மா தன் நகையை விற்றுச் செய்துகொடுத்தது. ஸ்நாட்சில் 84, 87 ஏறின, 89 தவறியது. பிறகு கிளீன் அண்ட் ஜெர்க் தொடக்கம்: 110. ரியோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சிறந்த எடைக்கும் தொடக்கத்துக்கும் மூன்று கிலோ இடைவெளி, இங்கே ஒன்பது. ஐந்து வருடத்தில் அவர் சேர்த்த பலமெல்லாம் இந்த ஒன்பது கிலோவில் இருக்கிறது. 110 ஏறியதும் முகத்தில் ஒரு நிம்மதி. அடுத்து 115 ஏறியது. 117 தவறியது, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. மொத்தம் 202, வெள்ளி. தங்கம் ஹௌவுக்கு, 94ம் 116ம், 210. இரண்டாம் பாதியில் இருவருக்கும் வித்தியாசம் ஒரே கிலோ. முதல் பாதியில் ஏழு.

அப்போது ஒரு வதந்தி ஓடியது, ஞாபகம் இருக்கும். ஹௌ மருந்துச் சோதனையில் மாட்டுவார், மீராவுக்குத் தங்கம் வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வராத ஆளில்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஹௌ சுத்தமாக வென்றார். மூன்று வருடம் கழித்துப் பாரீஸிலும் அவர்தான் தங்கம்.

2022 டிசம்பரில் பொகோட்டா உலகப் போட்டி, மணிக்கட்டு வலியோடு 200, வெள்ளி. அதே ஹௌ அன்று 198இல் மூன்றாவது. இதைச் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதவில்லை. என் பார்வையில் டோக்கியோவுக்கு அடுத்தபடி அவருடைய சிறந்த நாள் அது.

பிறகு ஹாங்சோ, 2023 ஆசிய விளையாட்டு. ஸ்நாட்ச் 83 மட்டும். வெண்கலத்தைப் பிடிக்க 108இலிருந்து ஒரேயடியாக 117க்குத் தாவ வேண்டியிருந்தது. இரண்டு முறை முயன்றார், கடைசியில் பாரோடு பின்னால் விழுந்தார். இடுப்பில் காயம். மறுபடியும் நான்காம் இடம். ஆசிய விளையாட்டுப் பதக்கம் மட்டும் அவர் அலமாரியில் இல்லாமலேயே இருந்தது.

பாரீஸைப் பற்றிக் கேட்பவர்கள் இங்கிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும். அந்தக் காயத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் பார் இல்லை. 2024 ஏப்ரலில் புக்கெட் உலகக் கோப்பையில் தூக்கியது 81ம் 103ம், மொத்தம் 184. நாலு மாதம் கழித்து, ஆகஸ்ட் 7இல், முப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் பாரீஸில் 199. பதினைந்து கிலோ ஏற்றம்! ஸ்நாட்சில் 85 ஏறியது, 88 தவறியது, மறுபடி 88 ஏறியது. அவருடைய சிறந்த ஸ்நாட்சுக்குச் சமம் அது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் தொடக்கமாக 111 கேட்டார்கள், தவறியது. மறுபடி 111 ஏறியது. கடைசியாக 114. ஏறியிருந்தால் 202, வெண்கலம். தோள்வரை வந்தது, மேலே நிற்கவில்லை. வெண்கலம் தாய்லாந்தின் சுரோட்சனா காம்பாவோவுக்கு, 200. அன்று மாதவிடாயின் மூன்றாவது நாள் என்று பிறகு சொன்னார். அதைச் சாக்கு என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது தன் எடைக்கு இரண்டு மடங்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை.

அங்கேயும் நான் முதலில் பார்ப்பது தொடக்க எடையைத்தான். ஏப்ரலில் 103 தூக்கியவர் ஆகஸ்டில் 111இல் தொடங்குகிறார். ஒரு முயற்சி அதிலேயே போய்விட்டது. 108இல் தொடங்கி இரண்டாவதாக 111, மூன்றாவதாக 113 என்று போயிருக்கலாமே என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. வீட்டில் உட்கார்ந்து சொல்வது சுலபம்தான். மேடைக்குப் பின்னால் யார் என்ன எடை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் பயிற்சியாளருக்கு ஆயிரம் விஷயம் இருக்கும்.

குஞ்சராணி ஏதென்ஸில் நான்காவது. அவரைப் பார்த்து வந்தவர் பாரீஸில் நான்காவது. ஆனால் 190க்கும் 199க்கும் நடுவில் ஒரு ஒலிம்பிக் வெள்ளி, ஒரு உலகத் தங்கம், ஒரு உலகச் சாதனை கிடக்கின்றன.

ஆக, சொதப்புகிறவரா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. இரண்டு தூக்கில் ஒன்று மட்டும் உலகத் தரத்தில் உச்சம், மற்றொன்று அதற்குக் கீழே ஒரு படி. இந்த உடம்போடு பதக்கம் வாங்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கடைசி அரைமணி நேரத்தில் விளிம்பில் நின்றாக வேண்டும். விளிம்பில் அத்தனை தடவை நிற்பவர் சில தடவை விழத்தான் செய்வார். டிவி நமக்குக் காட்டுவது அந்தக் கடைசி அரைமணி நேரத்தை.

மல்லேஸ்வரியா மீராபாயா என்று சிலர் கேட்பார்கள். உலகத் தங்கம் மல்லேஸ்வரிக்கு இரண்டு, 1994இலும் 1995இலும். ஒலிம்பிக்கில் அவருக்கு வெண்கலம், சிட்னி 2000, பெண்கள் பளு தூக்குதல் முதல்முறையாக நடந்த ஒலிம்பிக் அது. மீராபாய்க்கு ஒலிம்பிக் வெள்ளி, உலகத் தங்கம் ஒன்று, வெள்ளி இரண்டு. எனக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை.

இரண்டாவது உலக வெள்ளியைச் சொல்லவில்லையே. பாரீஸுக்குப் பிறகு முடிந்தது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். 2025இல் பிரிவுகளை மாற்றினார்கள், 48 திரும்ப வந்தது. முப்பத்தொரு வயதில் அதற்கு இறங்கினார். அக்டோபரில் நார்வேயின் ஃபோர்டே நகரில் உலகப் போட்டி. ஸ்நாட்சில் 84 ஏறியது. 87 தவறியது, மறுபடியும் தவறியது. வழக்கமான கதை. பிறகு 109, 112, 115. மூன்றும் சுத்தம். மொத்தம் 199. வட கொரியாவின் ரி சோங் கும் 213உடன் எட்டாத உயரத்தில் தங்கம். மூன்றாவதாக வந்தவர் தாய்லாந்து, 198. பாரீஸில் தாய்லாந்திடம் போன அதே ஒரு கிலோ.

இனி இருக்கும் சிக்கல் வேறு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிகக் குறைந்த பிரிவு 53 கிலோ. 48 கிடையாது. அவர் போக வேண்டுமென்றால் உடம்பில் ஐந்து கிலோ ஏற்ற வேண்டும், அதுவும் கொழுப்பாக இல்லாமல் தசையாக, முப்பது தாண்டிய வயதில், பழைய காயங்களோடு. எடை ஏறினால் கிளீன் அண்ட் ஜெர்க் ஏறும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்நாட்ச்தான். டோக்கியோவில் 89 கேட்டுத் தவறியது, பர்மிங்காமில் 90 கேட்டுத் தவறியது. உலகப் போட்டியிலோ ஒலிம்பிக்கிலோ 88க்கு மேல் அவர் கையில் பார் நின்றதில்லை. 53இல் 88ஐ வைத்துக்கொண்டு பதக்கம் கேட்க முடியாது.